குற்றவாளி லேப்டாப் இல்லீங்க, உள்ளே சுத்துற தட்டு!

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிடையாது. மீஞ்சூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல பில் போடுற ஆளு. ஞாயித்துக்கிழமையானா ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு உக்காந்துடுவேன், அவ்வளவுதான். கோபத்துல எழுதுறேன். படிச்சிட்டு யாரும் அடிக்க வராதீங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பின் தெரு அக்கா ஒருத்தங்க கையில ஒரு லேப்டாப் பையோட வந்து நின்னாங்க. பார்த்ததுமே தெரிஞ்சது, கவர்மென்ட் லேப்டாப். 2019ல அவங்க பையன் ப்ளஸ் டூ படிக்கும்போது குடுத்தது. பையன் இப்போ வேலைக்குப் போயிட்டான், பொண்ணு பி.காம் முதல் வருஷம்.

"இன்னா தம்பி, இத பாக்கறியா? ஆன் பண்ணி சோறு வடிச்சுட்டு வந்தாக்கூட சுத்திக்கினே இருக்குது. கடைக்காரரு இது ஆவாது, தூக்கிப் போடுன்றாரு. ஆயிரத்தி ஐந்நூறுக்கு எடுத்துக்கறாராம். புதுசு முப்பத்தாறாயிரமாம். குழுவுல லோன் கேட்டிருக்கேன்."

மகளிர் குழு லோன். முப்பத்தாறாயிரம். அந்த அக்கா வேலை செய்யற இடத்துல மாசத்துக்கு என்ன வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியும். வாராவாரம் தவணை கட்டணும்னா வீட்டுல எது எது குறையும்னும் தெரியும். எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு.

கடை எதுன்னு சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் அந்தக் கடை இருக்கு. "மெஷின் பழசாயிடுச்சு" என்கிற ஒரே மருந்தை எல்லா வியாதிக்கும் எழுதிக் குடுக்கிற கடை.

லேப்டாப்பை ஆன் பண்ணினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பாஸ்வேர்டு கேட்கவே மூணு நிமிஷத்துக்கு மேல. அதுக்கப்புறம் ஐகான் ஒண்ணொண்ணா, கல்யாணத்துக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி, ஆடி அசைஞ்சு வந்துச்சு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து (அது திறக்கவே அரை நிமிஷம்) அக்காகிட்ட காட்டினேன். சிபியு 9 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம்.

"அக்கா, இது மூளை மாதிரி. சும்மா உக்காந்திருக்கு பாருங்க. இது கை. இதுதான் மூச்சு வாங்குது. கைய மாத்தினா போதும், ஆளையே மாத்த வேணாம்."

இதுதான் மக்களே, இந்தப் பதிவு மொத்தமும். ஆனா இதை ஊர்ல சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. அதனால விலாவாரியா சொல்றேன்.

ஹார்ட் டிஸ்க் என்பது என்ன? உள்ளே ஒரு தட்டு. கண்ணாடியோ அலுமினியமோ, மேலே காந்தப் பூச்சு. லேப்டாப்புல வர்றது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும். செகண்டுக்கு 90 சுத்து. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல ஒரு முள் பறந்துக்கிட்டே இருக்கும். உங்களுக்கு ஒரு ஃபைல் வேணும்னா, முள் அந்த வட்டத்துக்கு நகரணும், அதுக்கு சராசரியா 12 மில்லி செகண்ட். அப்புறம் நமக்கு வேண்டிய இடம் சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும், சராசரியா அரைச் சுத்து, 5.5 மில்லி செகண்ட். ஆக ஒரு துண்டுக்கு 17.5 மில்லி செகண்ட். செகண்டுக்கு 57 துண்டு. அவ்வளவுதான் அந்தத் தட்டால முடியும். 57. எந்த கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டினாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாது, ஏன்னா இது எலக்ட்ரானிக்ஸ் இல்ல, இரும்பு நகர்ற வேகம்.

எங்க யார்டுல வேலை பார்க்கிறவங்களுக்குச் சட்டுனு புரியும். ரீச் ஸ்டாக்கர் ஓட்டுறவர்கிட்ட "இந்த வரிசைல இருக்கிற இருபது பெட்டியையும் வரிசையா தூக்குங்க"ன்னா ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஏறக்குறைய முடிச்சிடுவார். அதே இருபது பெட்டி யார்டு பூரா மூலைக்கு ஒண்ணா கிடந்தா? மத்தியானம் ஆயிடும். வண்டி அதே வண்டி, டிரைவர் அதே டிரைவர். பெட்டி தூக்கறதுல நேரம் போகல, ஓடறதுல போகுது.

விண்டோஸ் கிளம்பும்போது கேக்கறது வரிசைல இருக்கிற பெட்டி இல்ல. மூலைக்கு ஒரு குட்டித் துண்டு, பத்தாயிரக்கணக்குல. ஒரு கணக்குக்கு 12,000 துண்டுன்னு வெச்சுக்குங்க. 57ஆல வகுத்தா 210 செகண்ட். மூணரை நிமிஷம். எஸ்எஸ்டில முள் கிடையாது, தட்டு கிடையாது, சிலிக்கான் சில்லுல மின்சாரமா எழுதி வெச்சிருக்கு. எந்த மூலையா இருந்தாலும் ஒரு துண்டுக்கு சுமார் 0.1 மில்லி செகண்ட்தான். அதே 12,000 துண்டுக்கு 1.2 செகண்ட்.

இனிமே சொல்லுங்க, லேப்டாப் பழசா, தட்டு பழசா?

இன்னொரு விஷயம் இருக்கு. அந்த லேப்டாப்புல ராம் 4 ஜிபிதான். குரோம்ல நாலு டேப் திறந்தா ராம் நிரம்பிடும். நிரம்பினதும் மிச்சத்தை டிஸ்குல கொண்டுபோய்ப் போட்டுட்டு, வேணும்போது திரும்ப எடுத்துக்கும். எங்கே? செகண்டுக்கு 57 துண்டு தர்ற அந்தத் தட்டுல. நொண்டி மாட்டு மேல மூட்டை ஏத்தற கதை.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதுல ஒரு சம்பந்தம் இருக்கு. இலவச லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்னிக்கு, ஜெயலலிதா ஆரம்பிச்சு வெச்சது இங்க காக்களூர்லதான். மிக்சி, கிரைண்டர், ஃபேனோட சேர்த்து. அடுத்த சில வருஷத்துல தமிழ்நாடு பூரா 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் போச்சு. ஆரம்பத்துல வந்ததுல 320 ஜிபி தட்டு, அப்புறம் வந்ததுல 500 ஜிபி தட்டு. அந்தக் காலத்துக்கு அது சரிதான், குறை சொல்லல. 2011ல எஸ்எஸ்டி விலை என்னன்னு பார்த்தா மயக்கமே வந்திருக்கும்.

ஆனா அந்த லேப்டாப்புங்க இப்போ எங்கே? பாதி பரண்ல. மீதி ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் கடைக்குப் போயிடுச்சு. "கவர்மென்ட் குடுத்தது, அப்படித்தான் இருக்கும்"னு ஒரு இளக்காரம் வேற. முப்பதாயிரம் குடுத்து ஷோரூம்ல வாங்கின லேப்டாப்புலயும் அதே வருஷம் அதே தட்டுதான் சுத்திச்சு சாமி! அதுவும் அதே மாதிரிதான் படுத்துச்சு. அரசு முத்திரை இருந்ததால கவர்மென்ட் மேல பழி, முத்திரை இல்லாட்டி வைரஸ் மேல பழி. தட்டு மட்டும் தப்பிச்சுக்குது.

கவர்மென்டுக்கே புரிஞ்சிடுச்சு என்பதுதான் வேடிக்கை. 2025ல எல்காட் விட்ட டெண்டர்ல 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டின்னு கேட்டிருந்தாங்க. 500 ஜிபில இருந்து 256க்கு இறங்கினா மக்கள் என்ன சொல்வாங்கன்னு பயப்படாம இறங்கினாங்க. சபாஷ். நம்ம தெருக்கோடி கடைக்காரர்தான் இன்னும் "ஒரு டிபி இருக்கு சார், ஒரு டிபி" பாட்டைப் பாடிக்கிட்டு இருக்கார்.

இப்போ நடுவுல ஒரு கோஷ்டி வரும். "ஏன் சண்டை? ரெண்டையும் கலந்து ஒண்ணு இருக்கே, ஹைப்ரிட்! எஸ்எஸ்டி வேகம், ஹார்ட் டிஸ்க் இடம்." இந்தக் கோஷ்டில நானும் இருந்தேன், அதனால இவங்களை உரிமையோட திட்டலாம்.

2014. சம்பளத்துல மிச்சம் பிடிச்ச ஏழாயிரம் சொச்சத்தைச் சட்டைப் பைல வெச்சுக்கிட்டு, மீஞ்சூர்ல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிச்சு சென்ட்ரல் இறங்கி, அங்கிருந்து ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு முனைல ஒரு சந்துக்குள்ள ஒரு கடை. 1 டிபி, கூடவே 8 ஜிபி ஃபிளாஷ். பிராண்டு வேண்டாம். அட்டைப் பெட்டி மேல அம்புக்குறி, மின்னல், என்னென்னமோ போட்டிருந்துச்சு. வாங்கிட்டு ட்ரெயின்ல மடியில வெச்சுக்கிட்டே வந்தேன், குழந்தை மாதிரி.

முதல் வாரம் ஒண்ணும் வித்தியாசம் தெரியல. "அது கத்துக்கும் சார், நீங்க எதை அடிக்கடி திறக்கறீங்கன்னு பார்த்து அதை ஃபிளாஷ்ல வெச்சுக்கும்"னாரு கடைக்காரர். சரி, கத்துக்கட்டும். ரெண்டாவது வாரம் விண்டோஸ் கொஞ்சம் சுருக்கா வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா விண்டோஸ் ஒரு அப்டேட் போடும், ஃபைலெல்லாம் மாறிடும், பழையபடி முதல் வகுப்புல இருந்து கத்துக்கும். புதுசா ஒண்ணு திறந்தா தட்டுதான். போட்டோ ஃபோல்டர் திறந்தா தட்டுதான். எழுதறது தட்டுலதான்.

கணக்கைப் பாருங்க. 1000 ஜிபிக்கு 8 ஜிபி. ஒரு சதவீதம் கூட இல்ல. ஆயிரம் பெட்டி இருக்கிற யார்டுல கேட் பக்கத்துல எட்டு பெட்டியை மட்டும் ரெடியா வெச்சுட்டு, "எங்க யார்டு சூப்பர் ஃபாஸ்ட்"னு போர்டு மாட்டற மாதிரி. அந்த எட்டுக்குள்ள உங்க பெட்டி இருந்தா அதிர்ஷ்டம்.

இது அப்போ வந்த புது யோசனையும் இல்ல. 2007லயே விண்டோஸ் விஸ்டாவுக்காக சாம்சங்கும் சீகேட்டும் ஹைப்ரிட் விட்டுப் பார்த்தாங்க, எடுபடல. 2010ல சீகேட் மொமென்டஸ் எக்ஸ்டி வந்துச்சு, 500 ஜிபிக்கு 4 ஜிபி ஃபிளாஷ். ஆப்பிள் கொஞ்சம் பெருந்தன்மையா 2012ல ஃப்யூஷன் டிரைவ்னு 128 ஜிபி எஸ்எஸ்டியைத் தனியா வெச்சு ஜோடி சேர்த்தாங்க. அது நிஜமாவே ஓரளவு ஓடுச்சு. என்ன பண்ணாங்க? 2015ல 1 டிபி மாடல்ல அந்த 128ஐ 24 ஆக்கினாங்க. பேர் அதே ஃப்யூஷன் டிரைவ். பிரியாணில லெக் பீஸைக் குறைச்சுட்டு அதே பொட்டலம்.

2017ல இன்டெல் ஆப்டேன்னு 16 ஜிபி குச்சி. அதை ராமோட கூட்டி "20 ஜிபி மெமரி"ன்னு லேப்டாப் வித்த விளம்பரத்தையெல்லாம் பார்த்திருக்கேன். 4 ஜிபி ராம், 16 ஜிபி ஆப்டேன், கூட்டினா இருபதாம். ஆட்டோவுல மூணு சக்கரம், லாரில ஆறு சக்கரம், ரெண்டும் வெச்சிருக்கேன் அதனால எங்கிட்ட ஒன்பது சக்கர வண்டி இருக்குன்னு சொல்ற கணக்கு! 2022ல இன்டெல்லே ஆப்டேனை மூட்டை கட்டிடுச்சு.

ஆக, ஹைப்ரிட் என்பது எஸ்எஸ்டி விலை வானத்துல இருந்த ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு ஒட்டு. விலை இறங்கினதும் ஒட்டுக்கு வேலை இல்லாம போச்சு. இன்னிக்கு எவனாவது பழைய ஸ்டாக்கைத் தூசி தட்டி "ரெண்டும் ஒண்ணுல" என்று நீட்டினா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கலக்கணும்னா நீங்களே கலங்க: விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, படம் பாட்டுக்கு ஒரு தட்டு, ரெண்டும் தனித்தனி. எது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அது யாரையும் பார்த்துக் கத்துக்கவும் வேண்டாம்.

சரி, விலை. இங்கதான் ஆபீஸ்ல ஒரு சீனியர் என்னைப் பிடிச்சார். "தம்பி, 2025 கடைசில இருந்து எஸ்எஸ்டி, ராம் விலையெல்லாம் ஏறிக்கிட்டே போகுது. ஏஐ டேட்டா சென்டர்காரன் சில்லு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறான். இந்த நேரத்துல பேசாம 1 டிபி தட்டு போடுறதுதான் புத்திசாலித்தனம்."

விலை ஏறினது உண்மை. 2023ல நான் 240 ஜிபி ஒண்ணு 1,400க்கு வாங்கினேன். போன மாசம் அதே சாமானை ரிச்சி தெருவுல கேட்டா, ரெண்டு மடங்குக்கு மேல சொல்லிட்டு முகத்தை வேற திருப்பிக்கிறாங்க. ஆனா சார், விலை ஏறினா கம்மியான இடத்தை வாங்கணும், மோசமான சாமானை வாங்கக் கூடாது. பி.காம் படிக்கிற பொண்ணுக்கு ஒரு டிபி எதுக்கு? டாலி, எக்செல், பாடப் பிடிஎஃப், கொஞ்சம் போட்டோ. 128 ஜிபி போதும், 240 தாராளம். அரிசி விலை ஏறிடுச்சுன்னு ஒரு மூட்டை உமி வாங்குவோமா?

தட்டு விலை மட்டும் என்ன பிறந்ததுல இருந்து சாதுவா? 2011 அக்டோபர்ல தாய்லாந்துல வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபேக்டரி முழுகினப்போ, ஹார்ட் டிஸ்க் விலை சில வாரத்துல ரெண்டு மடங்காச்சு. அப்போ யாரும் "தட்டு வேண்டாம், ஃபிளாப்பிக்குத் திரும்பிடலாம்"னு சொல்லல.

இன்னொண்ணும் அந்த சீனியருக்குத் தெரியாது. இப்போ லேப்டாப்புக்கு வர்ற 1 டிபி தட்டுல பலதும் எஸ்எம்ஆர் வகை. வீட்டுக் கூரை ஓடு மாதிரி, ஒரு வரி மேல இன்னொரு வரி கொஞ்சம் ஏறி இருக்கும். இடம் மிச்சம். ஆனா நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் எடுத்து அடுக்கணும். அதனால துண்டு துண்டா எழுதினா பழைய தட்டை விட மோசமா இழுக்கும். 2020 ஏப்ரல்ல இது பெரிய சண்டையே ஆச்சு. வெளிய சொல்லாம எஸ்எம்ஆர் தட்டை வித்தோம்னு வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூணு பேருமே ஒத்துக்க வேண்டி வந்துச்சு. ஆக "புதுத் தட்டு போட்டா வேகமாயிடும்" என்பதும் காலி.

அடுத்த பூச்சாண்டி: "எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். ரெண்டு வருஷத்துல செத்துடும்."

தேயும். ஒத்துக்கறேன். எவ்வளவு எழுதலாம்னு கம்பெனிக்காரனே அளவு போடுறான். சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டி, உதாரணத்துக்கு க்ரூஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400, ரெண்டுக்கும் 80 டெராபைட். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதறீங்கன்னு வெச்சுக்குங்க (ஒரு காலேஜ் பொண்ணு அவ்வளவு எழுதவே மாட்டா). 4,000 நாள். ஏறக்குறைய 11 வருஷம். அதுக்குள்ள லேப்டாப்போட கீல் உடைஞ்சு, கீபோர்டுல டீ ஊத்தி, பேட்டரி உப்பிடும்.

தட்டுக்கு நம்ம ஊர்ல என்ன ஆயுசு? திருவொற்றியூர்–பொன்னேரி ரோட்டோரம் வீடு இருக்கிறவங்களைக் கேளுங்க. ராத்திரி பூரா டிரெய்லர் போகும், ஜன்னல் கண்ணாடி கிறுகிறுனு ஆடும். மேஜையும்தான். பசங்க லோக்கல் ட்ரெயின்ல மடியில வெச்சு லேப்டாப் பார்த்துக்கிட்டு வருவாங்க, அத்திப்பட்டு தாண்டி ஒரு குலுக்கல். முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவுல நானோமீட்டர் கணக்குல இடைவெளின்னு மேல சொன்னேனே, ஞாபகம் இருக்கா? (சாம்பல் தூசி உள்ள போய்தான் டிஸ்க் கெடுதுன்னு ஒரு வதந்தி ஓடுது. அது மட்டும் தப்பு. தட்டு இருக்கிற டப்பா மூடியே இருக்கும், மூச்சு விடுற சின்ன ஓட்டைக்கும் ஃபில்டர் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் அடைக்கிறது லேப்டாப் ஃபேனைத்தான். அதனால சூடாகும். ஃபேனைத் துடைங்க.)

இவ்வளவு எஸ்எஸ்டி புகழ் பாடிட்டு, இப்போ எதிர்க்கட்சிக்கும் பேசணும். இல்லாட்டி நான் பண்ணின தப்பை நீங்களும் பண்ணுவீங்க.

எங்கப்பா போட்டோ. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சதுக்கு முந்தின வருஷம் அப்பா தவறிட்டார். ஸ்டுடியோவுல எடுத்தது, கல்யாணத்துல எடுத்தது, நான் மொபைல்ல எடுத்தது எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, கோர்த்து, ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குல போட்டு வெச்சிருந்தேன். ஒரே ஒரு டிஸ்க். "பத்திரமா" பீரோ மேல. புயலுக்கு ஜன்னல் கதவு பிடுங்கிக்கிட்டு அடிச்சப்போ பீரோ மேல இருந்ததை எல்லாம் அவசரமா இறக்கினேன், கை வழுக்கிடுச்சு. இடுப்பு உயரம்தான். நாலு நாள் கழிச்சு கரன்ட் வந்ததும் சொருகினேன். டிக்... டிக்... டிக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும். டேட்டா ரெகவரி பண்றவங்ககிட்ட எடுத்துட்டுப் போனேன். உள்ள முள் உடைஞ்சிருக்கு, அவங்க சொன்ன தொகை அன்னிக்கு என்னோட ரெண்டு மாச சம்பளம். சரி வரும்னு உத்தரவாதமும் இல்ல. திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். அந்த டிஸ்க் இன்னும் டிராயர்ல இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. அப்பாவோட படம்னு இப்போ வீட்டுல இருக்கிறது, கூடத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிற அந்த ஒண்ணும், அத்தை வீட்டு ஆல்பத்துல பின் வரிசைல தலை மட்டும் தெரியற ஒண்ணும்தான்.

இதைக் கேட்டதும் "பார்த்தியா, எஸ்எஸ்டியா இருந்தா விழுந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது"ன்னு சொல்லுவீங்க. ஆயிருக்காது. ஆனா பீரோ மேல வருஷக்கணக்கா கரன்ட் இல்லாம கிடக்கறதுக்கு எஸ்எஸ்டி ஆகாது. சில்லுக்குள்ள அடைச்சு வெச்ச எலக்ட்ரான் மெல்ல மெல்லக் கசியும். தேய்ஞ்சு முடிஞ்ச ஒரு வீட்டு உபயோக எஸ்எஸ்டி 30 டிகிரி சூட்டுல கரன்ட் இல்லாம ஒரு வருஷம் டேட்டாவை வெச்சிருந்தா போதும் என்பதுதான் ஜெடெக் போட்டிருக்கிற தர அளவு. புது எஸ்எஸ்டி அதை விட ரொம்பவே நாள் தாங்கும். ஆனா சித்திரை மாசத்து மீஞ்சூர்ல பீரோ மேல 30 டிகிரியா இருக்கு? அதோட எஸ்எஸ்டி சாகும்போது டிக் டிக்னு சொல்லிட்டும் சாகாது. நேத்து ராத்திரி நல்லா இருக்கும், காலைல பயோஸ்ல பேரே இருக்காது. தெரியாம அழிச்ச ஃபைலைத் தட்டுல இருந்து பல நேரம் மீட்டுடலாம். எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒண்ணு ஓடும், அழிச்சதைப் பின்னாடியே பெருக்கித் துடைச்சு வெச்சிடும். போனது போனதுதான்.

அதனால ஓடறதுக்கு எஸ்எஸ்டி. கிடக்கறதுக்கு தட்டு, அதுவும் ரெண்டு தட்டு, ரெண்டு வேற வேற வீட்டுல. ஒண்ணு என் பீரோல, இன்னொண்ணு பொன்னேரில தங்கச்சி வீட்டுல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டையும் சொருகிப் பார்க்கறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல தெரிஞ்சவங்க வீட்டுல கீழ் அலமாரி பூரா தண்ணிக்குள்ள போச்சு, டிஸ்கும் பேக்கப் டிஸ்கும் ஒரே அலமாரில. வேற வேற வீடுன்னு நான் சொல்றது அதுக்காகத்தான்.

கடைக்கு சிசிடிவி போட்டிருக்கிறவங்க தட்டே வாங்குங்க, சிசிடிவிக்குன்னே வர்ற வகையா பார்த்து. அது ராத்திரி பகல் வரிசையா எழுதற வேலை, ரீச் ஸ்டாக்கருக்குப் பிடிச்ச வேலை. வாதமே இல்ல.

ஆன்லைன்ல 999 ரூபாய்க்கு "16 டிபி எஸ்எஸ்டி" விக்கிறான் பாருங்க, அதைப் பிரிச்சா உள்ள ஒரு மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பான். 16 டிபி இருக்குன்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லும். எழுதினதையெல்லாம் வாங்கிக்கும், திருப்பித் தராது. சீட்டுக் கம்பெனி மாதிரி. பேர் தெரிஞ்ச பிராண்டா, பில்லோட, வாரன்டியோட வாங்குங்க.

அக்கா கதைக்கு வர்றேன். டிராயர்ல இருந்த அந்த 1,400 ரூபாய் எஸ்எஸ்டி எனக்குத் தேவைப்படல. "காசு அப்புறம் குடுங்க"ன்னுட்டு ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்தேன். அடிப்பக்க மூடில பத்துப் பன்னெண்டு ஸ்க்ரூ, தட்டைப் பிடிச்சிருக்கிற ஃப்ரேம்ல நாலு. கழட்டி, மாத்தி, மூட இருபது நிமிஷம். ஃபேனுக்குள்ள இருந்து ஒரு கைப்பிடி கருப்புப் பஞ்சு எடுத்தேன், அது தனிக் கணக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, 11 இந்த ப்ராசஸருக்கு ஏறாது. அதனால லினக்ஸ் மின்ட் போட்டேன். தமிழ் டைப்பிங் வெச்சுக் குடுத்தேன். டாலி வேணும்னா காலேஜ் லேப்ல பண்ணிக்கம்மா, மத்ததெல்லாம் இதுல ஆகும்னு சொன்னேன். அதுக்குக் கொஞ்சம் முகம் சுருங்குச்சு, மறைக்கல.

பொண்ணு பவர் பட்டனை அழுத்திட்டு, பழக்க தோஷத்துல எழுந்து போக இருந்தா. 24 செகண்ட். "அண்ணா, வந்துடுச்சுண்ணா!"ன்னு அப்படியே உக்காந்துட்டா. அக்கா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பார்த்துட்டு, "அப்போ லோன் வேணாம்னு சொல்லிடவா?"ன்னாங்க. சொல்லிடுங்கன்னேன்.

கழட்டின பழைய 500 ஜிபி தட்டை ஒரு பிளாஸ்டிக் கேஸ்ல போட்டு யுஎஸ்பி ஒயரோட குடுத்தேன். அதுக்குள்ள அண்ணன்காரனோட ஸ்கூல் ஆண்டு விழா, அவங்க பாட்டி பேசற வீடியோ எல்லாம் இருந்துச்சு. இன்னொரு காப்பி எடுத்து மாமா வீட்டுல வைக்கச் சொல்லியிருக்கேன். வெச்சாச்சான்னு வாரத்துக்கு ரெண்டு தடவை கேக்கறதால அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தாலே சந்து மாறிப் போகுது.

அக்கா மூலமா விஷயம் பரவி, வர்ற ஞாயிறு இன்னும் ரெண்டு கவர்மென்ட் லேப்டாப் வருதாம். ஸ்க்ரூ டிரைவர் ரெடி. எஸ்எஸ்டி மட்டும் நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க சாமி, என் டிராயர்ல இனிமே ஸ்டாக் இல்ல.